பிள்ளைப்பாக்கம் வாசலில் காய்ந்த லுங்கி

பெண்கள் உதவி மையத்தில் ஃபீல்டு ஒர்க்கராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக முத்துமாரியின் கேஸை எழுதுகிறேன்.

ராமநாதபுரம் பக்கத்துப் பெண். புருஷன் அடி தாங்காமல் மகளோடு மையத்துக்கு வந்தாள். பிள்ளைப்பாக்கத்தில் ஒரு லைன் வீட்டில் ரூம் பிடித்துக் கொடுத்தோம். கம்பெனி கேன்டீனில் கான்ட்ராக்ட் வேலை. கணவரால் கைவிடப்பட்டவர்களுக்கான உதவித்தொகையும் வந்துகொண்டிருந்தது.

அதை நிறுத்தப்போவதாகத் தகவல் வந்தது. தாலுகா ஆபீசிலிருந்து விசாரணைக்குப் போனவர், வாசல் கொடியில் ஆம்பளை லுங்கி காய்வதைப் பார்த்திருக்கிறார். பூட்டிய ரூமுக்குள் ஆண் குரல் கேட்பதாக அக்கம்பக்கத்தாரும் சொல்லியிருக்கிறார்கள்.

நான் ரூமுக்குப் போய்க் கேட்டபோது முத்துமாரி அழவில்லை. மெதுவாகத்தான் பேசினாள்.

"ஷிப்டு முடிச்சு வந்தா சோறு வடிச்சிருக்கு மேடம். வெளக்கு எரியுது. ரெண்டு தடவ பூட்ட மாத்திட்டேன். நேத்து பாப்பா பொம்மைக்கு யாரோ சடை பின்னி விட்டுருக்காக."

வீட்டுக்கார அம்மா என்னைத் தனியாக அழைத்தார். "அந்தப் பொண்ணுக்குக் காத்து கருப்பு புட்ச்சிகீது மேடம். கோயிலுக்கு இட்டுனு போங்க."

யார் வருகிறார்கள் என்று பார்த்துவிட முடிவு செய்தேன். மறுநாள் காலை முத்துமாரி என்னையும் வீட்டுக்கார அம்மாவையும் உள்ளே விட்டு, வெளியே பூட்டிவிட்டு ஷிப்டுக்குப் போனாள். மகள் பள்ளிக்கூடத்தில். கதவோரம் பாய் விரித்து உட்கார்ந்தோம். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை வெயிலில் சடசடத்தது.

மதியம் பக்கத்து ரூம் பக்கமாக உரசல் சத்தம். லைன் வீடுகளில் நடுச்சுவர் கூரைவரை போகாது. அந்த இடைவெளியை மறைத்துக் கட்டியிருந்த பழைய ஃப்ளெக்ஸ் பேனர் விலகியது. முதலில் விரல்கள். பிறகு இரண்டு கால்கள். இறங்கியவன் எங்களைப் பார்க்கவில்லை. துடைப்பத்தை எடுத்துப் பெருக்க ஆரம்பித்தான்.

"இன்னிக்கி என்ன கொழம்பு வைக்க, மாரி?" என்று அடுப்பைப் பார்த்துக் கேட்டான். பதில் வந்ததுபோலச் சிரித்தான். "சரி, புளிக்கொழம்பே வச்சிருதேன்."

வீட்டுக்கார அம்மாவின் கை என் கையை இறுக்கியது. "ஐயோ, பக்கத்து ரூம்பு பசங்களோட தங்கிகினு நைட் ஷிப்ட் போற ஆளு இவன்!"

அவன் திரும்பினான். பயப்படவே இல்லை.

"வாங்க மேடம். டீ போடவா? இது எங்க வீடுதான். உதவிப் பணம் நின்னுட்டா அவளே எங்கிட்ட வந்துருவா."

போனில் தயாராக வைத்திருந்த ஸ்டேஷன் நம்பரை அழுத்தினேன். அவர்கள் வரும்வரை அவன் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான்.

பிறகு அவன் முத்துமாரியை நெருங்கக் கூடாது என்று கோர்ட்டில் உத்தரவு வாங்கினோம். உதவித்தொகை நிற்கவில்லை. விசாரணைக்குப் போகிறவர்கள் கண்ணில் பட்டதை மட்டும் எழுதிவிட்டு வரக்கூடாது என்பது அன்று நான் கற்றது. அந்த வீட்டுப் பெண் சொல்வது நம்ப முடியாததாக இருந்தால், அங்கே இன்னும் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

முத்துமாரியைப் பென்னலூரில் கான்கிரீட் வீடு ஒன்றுக்கு மாற்றினோம். சில வாரம் கழித்துப் பார்க்கப் போனேன். கழுவாத பாத்திரம், மடிக்காத துணி, தரையெல்லாம் சோற்றுப் பருக்கை. நான் சுற்றிப் பார்ப்பதைக் கவனித்து அவள் சிரித்தாள்.

"காலைல போட்டது போட்ட எடத்துலயே கெடக்கு, பாத்தீகளா மேடம்?"