பெட்டிக்குள் போன முதல் ஆல்பம்

வலது கண்ணுக்கு மை இழுத்து முடிக்கும்வரை கிளிஃபர்ட் யாரிடமும் பேசமாட்டார். மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்வார். அறுபதைத் தாண்டிய மனிதர். தலையில் முன்பாதி வழுக்கை, பின்பாதி தோள்வரை புரள்கிற முடி. இத்தனை சிங்காரமும் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் வார்டுக்குப் போவதற்கு. ஏன் என்று பக்கத்து வீட்டுக்காரனான நான் கேட்டால், "ஸ்டேஜ் ஏறினவன் வெறும் மொகத்தோட வீட்டு கேட்டத் தாண்டக்கூடாது சார்" என்பார்.

நோயாளி அவர் இல்லை, தம்பி ஃபிராங்க்ளினின் மனைவி ஜோவிதா. இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு மூன்று வருஷமாகிறது. வாரத்தில் மூன்று நாள் காலையில் பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நிற்கும். கிளிஃபர்ட்டின் தொழில் மைக் செட் வாடகை. எவ்வளவு பெரிய கல்யாணமானாலும் அந்தக் காலைகளில் வேலை ஒப்புக்கொள்ளமாட்டார். மாதா கோயில் திருவிழாவுக்கு மைக் கட்டினால் எல்லாரையும் போல "ஹலோ, செக்" சொல்வதும் கிடையாது. அடிவயிற்றிலிருந்து ஒரு கூச்சல் விடுவார். ஃபாதர் பூசைக்கு உடுத்துவதைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே வந்து முறைப்பார்.

அந்தக் கூச்சலுக்கும் ஒரு காலம் இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அண்ணனும் தம்பியும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து 'சாட்டின் கேசக்', அதாவது பாதிரியாரின் பளபள அங்கி, என்று ஒரு கிளாம் மெட்டல் பேண்ட் நடத்தினார்கள்; மையும் மினுமினுப்புமாக மேடையேறிக் கூச்சலிட்டுப் பாடுகிற ராக் வகை அது. ஃபிராங்க்ளின் கிதார், கிளிஃபர்ட் குரல். சர்க்கரைத் தண்ணீர் தடவி முடியை நிமிர்த்திக்கொண்டு, எறும்பு கடிக்கக் கடிக்கப் பாடினார்கள். மேடைச் சட்டைகளைத் தைத்தது ஜோவிதா. ஃபாதர்களின் பூசை உடுப்பு தைத்து மிஞ்சிய ஊதாத் துணியும் ஜரிகையும்தான் அத்தனை மினுமினுப்பும். எட்டுப் பாட்டோடு முதல் ஆல்பம் பதிவாகி முடிந்தது. வெளியிடுவதாகச் சொன்ன கம்பெனி, இந்தச் சத்தம் இனி விலைபோகாது என்று கையை விரித்துவிட்டது. பேண்ட் கலைந்தது. மூல டேப் பீரோவில் கிடந்தது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஃபிராங்க்ளின் மாரடைப்பில் போய்விட்டார். வழக்கப்படி சவப்பெட்டியில் ஜெபமாலை வைத்தார்கள், ஜெபப் புத்தகம் வைத்தார்கள். கிளிஃபர்ட் அந்த டேப்பை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றி, தம்பியின் கைப்பக்கம் வைத்தார். பார்த்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். ஸ்டூடியோவில் இன்னொரு பிரதி இருக்கிறது என்ற தைரியம் அவருக்கு. பிறகு போய்ப் பார்த்தால் ஸ்டூடியோ இருந்த இடத்தில் பல் ஆஸ்பத்திரி. பழைய டேப்புகள் குப்பைக்குப் போய் எத்தனையோ காலமாகியிருந்தது.

அதோடு போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போன வருஷம் யாரோ ஒரு பழைய கல்லூரி விழா வீடியோவை இணையத்தில் ஏற்றினார்கள். இந்த மாதிரிப் பாட்டுகளைத் தேடிப்பிடித்து வெளியிடுகிற ஒரு சின்னக் கம்பெனி ஸ்வீடனில் இருக்கிறது. அவர்கள் அதைப் பார்த்துவிட்டு, டேப் கிடைத்தால் ஆல்பமாகப் போடுகிறோம் என்று எழுதினார்கள். கிளிஃபர்ட் கல்லறை அலுவலகத்துக்கு ஓடினார். பாட்டுக்காகவெல்லாம் குழியைத் தோண்ட முடியாது என்றார்கள். அது குடும்பக் கல்லறை. குடும்பத்தில் அடுத்த சாவு விழுந்தால்தான் திறப்பார்கள்.

குடும்பத்தில் மிச்சம் இவரும் ஜோவிதாவும்தான். "நான் போனாலும் தொறப்பாங்க சார். ஆனா பாட்டக் கேக்க நான் இருக்கணுமே" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷம் மண்ணுக்குள் கிடந்த டேப்பில் என்ன மிஞ்சியிருக்கும் என்ற கேள்வி வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

தெருவே அவரைப் புனிதர் என்கிறது. தம்பி பெண்டாட்டியை இப்படி யார் பார்த்துக்கொள்வார்கள் என்று பேசாத வீடில்லை. ஒருநாள் மைக் வயரைச் சுருட்டிக்கொண்டே அவர் என்னிடம் சொன்னார். "அவளத் தாங்கிப் புடிச்சு ஆட்டோல ஏத்தறேன்ல, அப்போ உள்ள ஒருத்தன் இன்னும் எவ்ளோ நாளுன்னு கேக்கறான் சார். அவன் வாய அடைக்கத்தான் ஒரு நாள்கூட விடாம கூட்டிட்டுப் போறேன்." அதைக் கேட்டதிலிருந்து அவருடைய அக்கறையைப் பார்த்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது.

போன வியாழக்கிழமை நான் அங்கே இருந்தேன். ஆட்டோ வந்துவிட்டது. கட்டிலில் உட்கார்ந்தபடி ஜோவிதா, தான் வரவில்லை என்றார். இன்றைக்கு மட்டுமில்லை, இனிமேல் வருவதாகவே இல்லை. டாக்டரிடம் போன வாரமே சொல்லியாயிற்றாம். அது உங்கள் இஷ்டம் என்று அவரும் ஒப்புக்கொண்டாராம். கிளிஃபர்ட் எதையும் காதில் வாங்காமல் தண்ணீர் பாட்டிலைப் பையில் வைத்தார்.

"மாமா, உங்க ஆல்பத்துக்காகச் சொல்லல. எனக்கு முடியல. ஊசி குத்தக் கையில எடமே இல்ல."

"எனக்காகத்தான் சொல்ற நீ."

"சும்னே இருங்க மாமா. இது என் ஒடம்பு. விட்டுடுங்க."

அந்தக் கை முழங்கைவரை கறுத்து, கட்டி கட்டியாகப் புடைத்திருந்தது. ஜோவிதா சொல்வதுதான் நியாயம் என்று எனக்குப் பட்டது. அதைச் சொல்லியும் பார்த்தேன். மை தீட்டிய கண்கள் என் பக்கம் திரும்பவே இல்லை.

வாசலில் ஹாரன் அடித்தது. கிளிஃபர்ட் கட்டிலுக்கு முன்னால் மண்டியிட்டார். ஜோவிதா கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார். கிளிஃபர்ட் வீங்கிய ஒரு காலைக் கணுக்காலில் பிடித்து வெளியே இழுத்து, செருப்பின் வாரைத் தளர்த்தி, விரல்களை ஒவ்வொன்றாக உள்ளே நுழைத்து மாட்டிவிட்டு, அடுத்த காலுக்குக் கையை நீட்டினார்.