கயிறு பழசு என்று சொன்னவர்

எங்கள் நகரத்தின் விஜயநகர் பகுதியில் எழும்பிக்கொண்டிருந்த ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் என் தம்பி சென்ட்ரிங் வேலை பார்த்துவந்தான். மூன்றாவது மாடிக்குக் கான்கிரீட் போட்ட அன்று பலகைகளைத் தாங்கியிருந்த முட்டுகள் சரிந்தன. பலகையோடு அவனும் கீழே வந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. முட்டுக் கம்புகளில் பாதி உளுத்துப்போனவை என்று அவனோடு வேலை செய்தவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் என்னிடம் சொன்னார்கள். மறுநாள் அதே ஆட்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பதினோராம் நாள் காரியத்துக்கு ஹனூரிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். அப்பா போன பிறகு எங்கள் வீட்டுக்கு அவர் சொல்தான் சொல். அந்தக் கட்டடத்தின் கான்ட்ராக்டரும் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் காதில் விழும்படியே பெரியப்பா அம்மாவிடம் சொன்னார்:

“யாரையும் நொந்துக்காத அம்மிணி. இது நம்ம வம்சத்துல இருக்கறது. எந்தாத்தனுக்குத் தாத்தன் மலைக்கு வர்றேன்னு வேண்டிக்கிட்டுப் போவாம வுட்டுட்டாரு. ஆனை பிடிக்கிற வேலைக்குப் போன எடத்துல ஆனையே கொன்னு போட்டுச்சு. அந்தக் கொறை இன்னும் தீரல.”

கான்ட்ராக்டர் பயபக்தியோடு தலையாட்டினார். மாதேஸ்வரன் மலைக்கு எல்லோரும் போய்வரத் தானே வேன் அனுப்புவதாகச் சொன்னார். “எவ்வளவு நல்ல மனுசன் பாரு” என்றார் பெரியப்பா.

வந்தவர்களுக்கு நான் உள்ளே இலை போட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் முன்னறையில் அம்மாவிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். தாள் கன்னடத்தில் இருந்தது. அம்மாவுக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். நான் மண்டி மொஹல்லாவில் ஒரு வக்கீல் ஆபீசில் பதினாறு வருஷமாகக் கன்னட டைப்பிஸ்ட். அப்படிப்பட்ட தாள்களை நாள் முழுக்க அடிப்பதுதான் என் பிழைப்பு. என்னை யாரும் கூப்பிடவில்லை. நகலைப் பிறகு பார்த்தேன். மகன் பாதுகாப்பு பெல்ட் மாட்டாமல் ஏறினான், அவனுடைய கவனக்குறைவே காரணம், எங்களுக்குப் புகார் எதுவும் இல்லை என்று இருந்தது. அந்த வேலையிடத்தில் பெல்ட் என்று ஒன்றை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

இருந்தும் வேன் வந்த அன்று நானும் ஏறி உட்கார்ந்தேன். ஏன் ஏறினேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அம்மாவைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

மலையில் பூசை முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது, ஹனூர்ப் பக்கத்துப் பங்காளி வீட்டுப் பெரியம்மா ஒருத்தி என் அருகில் இருந்தாள். வேண்டுதல் கதையை நான் அவளிடம் கேட்டேன்.

“வேண்டுதலா? அது எனக்குத் தெரியாது கண்ணு. ஆனை கொன்னது நெசம். அவரு பொண்டாட்டி கைக்கொழந்தையோட சாமராஜநகரத்துக்கு நடந்தே போயி மனுக் கொடுத்தாளாமா. எங்க மாமியா சொல்லும்.”

“என்னன்னு மனு?”

“அதாரு கண்டா?”

அந்த மழைக்காலம் முழுக்க, அந்த மனுவைத் தேடிச் சனிக்கிழமைகளில் பழைய தஸ்தாவேஜுகள் வைத்திருக்கும் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தேன். முதலில் அங்கிருந்த ஊழியர் என்னை விரட்டத்தான் பார்த்தார். நான் வக்கீல் ஆபீஸ் என்று தெரிந்ததும் கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். யானை பிடிக்கும் முகாமுக்கு அரிசி, வைக்கோல், சங்கிலி என்று கட்டுக் கட்டாக எழுதி வைத்திருந்தார்கள். செத்துப்போன யானைகளுக்குக்கூட ஒரு பட்டியல் இருந்தது. கடைசியில் ஒருநாள் அவரே, “சிக்து மேடம்”, கிடைத்துவிட்டது என்று கன்னடத்தில் சொல்லி, அகப்பட்ட தாளை என் முன்னால் வைத்தார்.

அது ஒரு பெண்ணின் மனு. ஊர், ஹனூர்ப் பக்கத்து எங்கள் பூர்வீக ஊர். இறந்துபோன கணவனின் பெயர், எங்கள் பெரியப்பாவின் பெயர். எங்கள் வீட்டில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். அந்தப் பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை இறங்கி அவரிடம் வந்து சேர்ந்திருந்தது.

யாரோ ஒரு குமாஸ்தா அவளுக்காக எழுதியிருந்தான். கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கீறல். பிடிபட்ட யானையின் பின்காலில் கட்டிய கயிற்றை மரத்தில் சுற்றுவது அவள் புருஷனின் வேலை. கயிறு பழசு, தாங்காது என்று முதல் நாளே மேஸ்திரியிடம் அவர் சொல்லியிருக்கிறார். பயமாக இருந்தால் ஊருக்குப் போ என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறான். மறுநாள் கயிறு அறுந்து யானை திரும்பிவிட்டது. உடம்பைக் காட்டிலேயே புதைத்துவிட்டார்கள். அவள் போய்ச் சேர்வதற்குள் முகாம் வேறு இடத்துக்குப் போய்விட்டது. புதைத்த இடத்தைக் காட்டச் சொல்லுங்கள் என்பதுதான் மனு. வேறு எதுவும் அவள் கேட்கவில்லை.

ஓரத்தில் வேறொரு கையெழுத்தில் குறிப்பு இருந்தது. மேஸ்திரியை விசாரித்தாயிற்று, இறந்தவனின் கவனக்குறைவே காரணம். மேலும் மனுதாரர் நம் சீமையைச் சேர்ந்தவரல்ல. சாமராஜநகரம் அப்போது மகாராஜா சீமை; கொள்ளேகாலும் ஹனூரும் வெள்ளைக்காரர்களின் கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தன. அதோடு முடித்துக் கட்டிவிட்டார்கள். மலையும் வேண்டுதலும் அந்தத் தாளில் எங்கும் இல்லை. அதைப் பிறகு யார் கட்டிவிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. யாருக்கோ அது வசதியாக இருந்திருக்கும்.

தீபாவளிக்குப் பெரியப்பா வந்தபோது நகலை எடுத்து எல்லோருக்கும் வாய்விட்டுப் படித்துத் தமிழில் சொன்னேன். முடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன்.

“பாத்தியா அம்மிணி? நாஞ் சொன்னது சரியாப் போச்சு. அன்னிக்கும் இதே மாதிரி. நம்ம வம்சத்துக்கு விதிச்சது” என்றார் அம்மாவிடம்.

“பெரியப்பா, கயிறு பழசுன்னு அவரு முன்னாடியே சொல்லியிருக்காரு. சொல்லியும் மாத்தலை. இதுல விதி எங்க வந்துச்சு?”

“நீ நாலெழுத்துப் படிச்சிட்டேன்னு பெரியவங்க பேச்சைப் பொய்யாக்காத.”

அம்மா என் பக்கம் திரும்பினாள். “அந்தப் புள்ளைக்கு எடத்தக் காட்டுனாங்களா?” என்று என்னைக் கேட்டாள்.

“இல்லம்மா.”

“நாங் கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது” என்றாள். பெரியப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

மறுநாள் ஆபீசில் வேலை முடிந்த பிறகு, தம்பி செத்ததை விசாரிக்கச் சொல்லி அம்மா பேரில் ஒரு மனுவை நானே அடித்தேன். வக்கீல் படித்துப் பார்த்துவிட்டு, நன்றாக வந்திருக்கிறது, ஆனால் பிரயோசனம் இருக்காது என்றார். மனுவைக் கொடுத்த தொழிலாளர் அலுவலகத்தில் அம்மா கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துக் காட்டினார்கள். என் தம்பி கான்ட்ராக்டரின் ஆளே இல்லை, அவருக்குக் கீழே யாரோ கூட்டிவந்த ஆள் என்றும் சொன்னார்கள். சாட்சி சொல்ல, அவனோடு வேலை செய்தவர்களைத் தேடினேன். இருவர் சேலத்துக்குப் போய்விட்டார்கள். இன்னொருவர் கதவைத் திறக்காமலேயே, “எனக்கும் கொழந்தைங்க இருக்குதக்கா” என்றார். அவரை நான் திட்டவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனசுக்குள் திட்டினேன்.

மனுவைத் தள்ளிவிட்டார்கள். காரணம் என்று எழுதியிருந்ததை அம்மாவுக்குப் படித்துச் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

பெரியப்பாவின் மகன் அதே கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராகச் சேர்ந்திருக்கிறான் என்பது பொங்கலுக்குத்தான் எங்களுக்குத் தெரியவந்தது. எப்போது பேசி முடித்தார்கள் என்று விசாரித்தேன். பதினோராம் நாள் காரியத்துக்கு முன்பே என்றார்கள். அதன் பிறகு பெரியப்பா வீட்டுக்கு நாங்கள் போவதில்லை. ஊரில் எங்களைத்தான் குறை சொல்கிறார்களாம், பெரியவரை மதிக்காத குடும்பம் என்று.