நாய் பறித்த குழி

எழுபதுகளின் கடைசியில் ஒரு சித்திரை மாதம். சேலம் சூரமங்கலத்தில், ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்பக்கத் தெருவில் எங்கள் ஓட்டு வீடு. என் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை. எனக்குப் படிப்பு என்று பெரிதாக இல்லை, எழுத்துக்கூட்டத் தெரியும். ஆனால் அந்தத் தெருவில் முதன்முதலாக வாசலுக்குள் குழாய் இழுத்தது நாங்கள்தான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் விடிகாலையில் தண்ணீர் வரும்போது பாதித் தெரு குடத்தோடு எங்கள் வாசலில் நிற்கும். முதல் குடம் எனக்கு. அப்புறம்தான் மற்றவர்கள். அதை யாரும் சொல்லி வைக்கவில்லை, நானே வைத்துக்கொண்ட வழக்கம்.

அப்போது மூத்த மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். நிறைமாதம். அந்தச் சமயம் பார்த்து எங்கள் கறுப்பு நாய் வாசலில் குழி பறிக்க ஆரம்பித்தது. சாக்கடை ஓரமாக, எப்போதும் ஒரே இடத்தில். நான் கல்லைப் போட்டு மூடுவேன். அது கல்லைத் தள்ளிவிட்டுப் பறித்து, உள்ளே சுருண்டு படுத்துக்கொள்ளும்.

திருச்செங்கோட்டிலிருந்து மகளைப் பார்க்க வந்த என் நாத்தனார் அந்தக் குழியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏம்புள்ள, மாசமா இருக்கறவ ஊட்ல நாய் குழி பறிக்குது, நீ பாத்துக்கிட்டு இருக்கற. ஆகாது சாமி. எங்கியாச்சும் கொண்டுபோயி உட்டுட்டு வரச் சொல்லு."

அன்றைக்கே இன்னும் பெரிய கல்லாகப் போட்டுக் குழியை மூடினேன். அவர் சொல்லிப்போன வாரமே மகளுக்கு வாந்தி, பேதி. நிற்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். டாக்டரம்மா கேட்டார்: "குடிக்கிற தண்ணி எங்கம்மா பிடிக்கிறீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. "எங்க ஊட்டுக் கொழாய்த் தண்ணிங்க. தெருவே எங்க ஊட்லதான் புடிக்குது. அவுங்கல்லாம் நல்லாத்தானுங்க இருக்காங்க."

காய்ச்சிக் கொடுக்கச் சொன்னார். சரி என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வந்ததும் மகள் பானைத் தண்ணீர்தான் வேண்டும் என்றாள். அந்த வெயிலில் காய்ச்சிய தண்ணீர் யாருக்கு இறங்கும்? கொடுத்தேன். மறுபடி பேதி. வயிற்றுப் பிள்ளை அசைவதே குறைந்தாற்போல் இருக்கிறது என்று அவள் சொன்னபோது என் நினைப்பெல்லாம் அந்த நாய் மேல்தான் இருந்தது.

வீட்டுக்காரர் தெரிந்த லாரி டிரைவரிடம் சொல்லி ஏற்பாடு செய்தார். நாமக்கல்லில் ஒரு கோழிப்பண்ணையில் விட்டுவிடுவதாகப் பேச்சு. லாரி வரும் மத்தியானம் நாயைக் கட்ட நான் கயிற்றோடு போனேன். குழியை விட்டு அது எழவில்லை. முன்னங்காலைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. குனிந்து வயிற்றுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கினேன்.

அடியில் மண் சில்லென்று இருந்தது. வாசலில் மற்ற இடத்தில் வெறுங்கால் வைக்க முடியாத வெயில். இங்கே மட்டும் மண்பானையின் அடியைத் தொட்டதுபோல் ஈரம். கையை மோந்து பார்த்தேன். சாக்கடை நாற்றம்.

"ஏனுங்க, அந்தக் கடப்பாறைய எடுத்துக்கிட்டு வாங்க" என்று கூப்பிட்டேன்.

அவர் தோண்டினார். முழங்கை ஆழத்தில் எங்கள் குழாய். துருப்பிடித்து, விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. சுற்றிலும் சாக்கடையிலிருந்து கசிந்த சேறு.

"தண்ணி நின்னுட்டா கொழாய் இந்தச் சேத்தை உள்ள இழுத்துக்கும் புள்ள. மறுக்காத் தண்ணி உடறப்ப மொதல்ல வரது இதுதான்" என்றார்.

முதல் குடம் யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. கொஞ்ச நாளாகவே அது கலங்கலாகத்தான் வந்தது. கோடையில் அப்படித்தான் என்று துணியில் வடிகட்டி, மகள் குடிக்கிற பானையில் நானே ஊற்றிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் பிடித்தவர்களுக்குத் தெளிந்த தண்ணீர் போயிருக்கிறது.

அதற்குள் லாரி வந்து ஹாரன் அடித்தது. வீட்டுக்காரர் சேற்றுக் கையோடு போய், "நீ போப்பா. அவனுக்கு இங்கயே வேலை போட்டாச்சு" என்று அனுப்பிவைத்தார். அத்தனை பயத்திலும் மகள் சிரித்தாள்.

பானையைக் கொட்டிக் கழுவினேன். புதுக் குழாயைச் சாக்கடையை விட்டுத் தள்ளிப் பதித்தோம். காய்ச்சிய தண்ணீர்தான் என்று கண்டிப்பாக நின்றேன். நாலைந்து நாளில் மகள் தேறினாள். பெண் குழந்தை சுகமாகப் பிறந்தது.

குழந்தையைப் பார்க்க நாத்தனார் வந்தார். "நாயக் கொண்டுபோயி உட்டதுலதான் எல்லாம் நல்லபடியா ஆச்சு, பாத்தியா?" என்றார். கட்டிலுக்கு அடியில் படுத்திருந்த நாய் எழுந்து வந்து அவர் காலை மோந்தது. "அப்படியுங்களா நங்கையா" என்று சொல்லிக் காப்பித் தண்ணீரை அவர் கையில் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நாய் அந்த இடத்தில் ஒரு நாளும் குழி பறிக்கவில்லை. நானும் முதல் குடத்தைச் செடிக்கு ஊற்றப் பழகிக்கொண்டேன். இந்த வயதிலும் யாராவது எதையாவது காட்டி 'ஆகாது' என்று சொன்னால், பயப்படுவதற்கு முன்னால் குனிந்து அந்த இடத்தில் ஒருமுறை கையை வைத்துப் பார்த்துவிடுகிறேன்.