வீரராகவன் துடைத்து வைத்த இரண்டு கார்டுகள்

வங்காளத்து டாக்குரியாவில் குடியிருந்த வீரராகவனின் வரலாற்றை அவர் பிறந்த தேதியிலிருந்து தொடங்குவது வீண். 2001 ஆகஸ்டிலிருந்து தொடங்கினால் போதும். அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் அவர் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் எலக்ட்ரிகல் சூப்பர்வைசராக இருந்தார். அவ்வளவுதான்.

அந்த ஆகஸ்டில் பேக்கிங் இயந்திரத்துக்கு பி.எல்.சி. என்ற கம்ப்யூட்டர் பெட்டி வந்தது. கூடவே மேனேஜர் தத்தாவின் சுற்றறிக்கையும் வந்தது. பெட்டியின் முகவரிகளைப் படிக்கத் தெரியாதவர்கள் மனமுவந்து ஓய்வு பெறுவார்களாம். பரீட்சை செப்டம்பர் 21. நாற்பத்தெட்டு வயது வீரராகவனுக்கு மனமுவக்கும் உத்தேசம் சிறிதும் இல்லை.

பெட்டிக்கு உள்ளே வரும் ஒவ்வொரு சேதிக்கும் ஒரு முகவரி. வெளியே போகும் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு முகவரி. உள்ளே வரும் சேதிகளை வாங்கும் முதல் இன்புட் கார்டுக்கு 0.0 தொடங்கி 0.7 வரை. "அடுத்தது?" என்று பயிற்சி வகுப்பில் கேட்டார்கள். "0.8" என்றார் வீரராகவன் கம்பீரமாக. வகுப்பே சிரித்தது. அந்தப் பெட்டிக்கு எட்டு என்ற எண்ணே கிடையாது. அடுத்தது 1.0, அதாவது இரண்டாவது கார்டு.

அன்று முதல் வீட்டுச் சுவர்களிலும் சாமான்களிலும் முகவரி எண் எழுதிய சீட்டுகள் முளைத்தன.

"ஏன்னா, மிக்ஸிக்கு எதுக்கு நம்பர்?" என்றாள் மனைவி ஜலஜா.

"அது அவுட்புட்டு. நீ அழுத்தற பட்டன் இன்புட்டு."

"அப்போ நான்?"

"நடுவுல இருக்கற ப்ரோகிராம்."

"இத்தனை வருஷம் கழிச்சு இன்னிக்காவது தெரிஞ்சுதே!"

செப்டம்பர் 17 விஸ்வகர்மா பூஜை, அந்த ஊரின் ஆயுத பூஜை. முந்தின நாள் தொழிற்சாலையில் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைப்பது வழக்கம். பெட்டியை மட்டும் பட்டினி போடலாமா? மின்சாரத்தை நிறுத்திவிட்டு, வீரராகவன் இரண்டு இன்புட் கார்டுகளையும் தாமே கழற்றினார். கார்டுகளில் ஒன்று, இரண்டு என்று சீட்டு ஒட்டினார். அவற்றின் கம்பிக் கொத்துகளிலும் அதே எண்களை ஒட்டினார். துடைத்தார், சிந்தூரம் வைத்தார், திரும்ப மாட்டினார். ஒன்றாம் கார்டில் ஒன்றாம் கொத்து, இரண்டாம் கார்டில் இரண்டாம் கொத்து. ஒரு பிழை இல்லை. ஒன்றாம் கார்டு இரண்டாம் இடத்தில் உட்கார்ந்திருந்தது, அது மட்டும்தான்.

18ஆம் தேதி காலை, டின் வந்துவிட்டது என்ற சேதியை, டின் நிரம்பிவிட்டது என்று பெட்டி எடுத்துக்கொண்டது. காலி டின்கள் மூடி போட்டுக்கொண்டு மரியாதையாக வெளியேறின. பிஸ்கட்டுகள் தரையில் கொட்டின. பதினொரு மணிக்குள் முழங்கால் உயரம்.

"கீ ஹோலோ, என்ன ஆயிற்று, ராகவன்பாபு?" என்று ஓடிவந்தார் தத்தா.

பெட்டியைத் திறந்ததும் வீரராகவனுக்குப் பளிச்சென்று விளங்கியது. முகவரி கார்டினுடையது அல்ல. அது உட்காரும் இடத்தினுடையது. 0.3க்கு வர வேண்டியது 1.3க்கு வருகிறது! பத்து நிமிடத்தில் மாற்றி மாட்டினார். இயந்திரம் ஒழுங்காக ஓடியது. அந்த மகிழ்ச்சியிலேயே மூன்று பக்கம் அறிக்கை எழுதினார். எந்த முகவரி எங்கே போயிற்று, ஏன் போயிற்று, யார் கழற்றியது, யார் மாட்டியது, எல்லாம் தெளிவாக, படத்தோடு.

தத்தா இரண்டு முறை படித்தார்.

"சொமோத்கார்! பிரமாதம்! எஞ்சினீயர்கூட இப்படி எழுத மாட்டான். உங்களுக்கு இனி பரீட்சையே வேண்டாம். நூற்றுக்கு நூறு."

"தேங்க்யூ சார்."

"ஆனால் இதை ஹெட் ஆபீஸுக்கு அனுப்பியாக வேண்டும். இரண்டாம் பக்கத்தில் உங்கள் பெயர் இருக்கிறதே." மேஜை இழுப்பறையிலிருந்து விண்ணப்பம் ஒன்றை எடுத்தார். "விசாரணை என்று வந்தால் கௌரவம் போய்விடும், தாதா" என்று அண்ணனை அழைப்பதுபோல் குழைந்தார். "மனமுவந்து என்ற இடத்தில் ஒரு கையெழுத்து."

வீரராகவன் மனமுவந்தார்.

அவர் வீட்டுக்குள் நுழைந்ததுமே ஜலஜா கேட்டாள்: "பரீட்சை வெள்ளிக்கிழமைதானே? படிக்க உக்காரலையா?"

"முடிஞ்சுடுத்து."

"அதுக்குள்ளயா? எவ்வளவு?"

"நூத்துக்கு நூறு."

அவர் மேற்கொண்டு வாயைத் திறப்பதற்குள் சேமியாவை வறுக்கும் வாசனை வந்துவிட்டது. பக்கத்து வீட்டு வங்காளி மாமியான மாஷிமாவுக்கும் ஒரு கிண்ணம் பாயசம் போயிற்று. வீரராகவன் தன் பங்கைக் குடித்தார். "இன்னும் கொஞ்சம் விட்டுக்கோங்கோ" என்றாள் ஜலஜா. விட்டுக்கொண்டார்.