இதயத்தைத் தொட்ட மஞ்சள்

போன மாதம் என் தங்கையின் இதயத்தை கம்ப்யூட்டர் திரையில் பார்த்தேன். அந்த அதிர்ச்சி இன்னும் போகவில்லை.

நிர்மலாவுக்கு இடது மார்பில் கேன்சர். ஆபரேஷனில் கட்டியை எடுத்தாகிவிட்டது. அடுத்து ரேடியேஷன். காக்ஸ் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அவள். டாக்டரம்மா எல்லாம் விளக்கி முடித்த பிறகு நிர்மலா கேட்டாள்:

"மேடம், இந்தக் கதிர் உள்ள போய் எங்க நிக்கும்?"

டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். ஸ்கேன் படம். சிகிச்சை தேவைப்படும் இடம் சிவப்பு. அதைச் சுற்றி மஞ்சள், பச்சை, நீலம்... போகப் போகக் கதிரின் அளவு குறையுமாம். சரி. ஆனால் அந்த மஞ்சள், உருண்டையாக ஏதோ ஒன்றின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்ததே?

"அது என்ன டாக்டர்?" என்று கேட்டேன்.

"ஹார்ட்."

மார்புக்கு வைத்தியம் செய்யப் போனால் இதயத்துக்கு என்ன வேலை?

டாக்டர் எதையும் மறைக்கவில்லை. எவ்வளவு குறிபார்த்து விட்டாலும் கதிர் போகும் வழியில் இருப்பதெல்லாம் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். உடம்புக்குள் போனதும் கொஞ்சம் சிதறவும் செய்யும். நுரையீரல், இன்னொரு மார்பு, தைராய்டு — அங்கெல்லாம் துளித் துளியாகப் போய்ச் சேரும். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சிலருக்கு மட்டும் பல வருஷம் கழித்து இதயத்தில் தொந்தரவு வரலாம். அதற்குப் பயந்து ரேடியேஷனை விட்டால், கேன்சர் திரும்பி வரும் ஆபத்து அதைவிடப் பெரிசு.

நிர்மலாவின் முகம் வெளுத்துவிட்டது. எங்கள் அப்பா மாரடைப்பில் போனவர்.

"எனக்கு வேணாம்க்கா. வீட்டுக்குப் போலாம்" என்றாள்.

டாக்டர் அவசரப்படவில்லை. "எவ்ளோ நேரம் மூச்சு புடிப்பீங்க?" என்று தன் கன்னடத் தமிழில் கேட்டார்.

விளையாடுகிறாரோ என்று நினைத்தேன். இல்லை. ஆழமாக மூச்சை இழுத்து நிறுத்தினால் நுரையீரல் விரியும், இதயம் நெஞ்சுச் சுவரிலிருந்து விலகும். அந்தச் சில நொடிகளில் மட்டும் கதிரைக் கொடுப்பார்கள். மூச்சு நழுவினால் மெஷின் நின்றுவிடும். இதைத்தான் அடுத்துச் சொல்ல இருந்தாராம்.

அன்றிலிருந்து அவளுக்கு மூச்சைப் பிடித்துப் பழகுவதே வேலை. சமைக்கும்போது, டிவி பார்க்கும்போது, சிக்னலில் என் ஸ்கூட்டரின் பின்சீட்டில்... பேச்சுச் சத்தம் திடீரென்று நின்றால் எனக்குத்தான் பயத்தில் மூச்சு அடைக்கும்.

அடுத்த வாரம் மறுபடி ஸ்கேன். "உசிரு பிகி ஹிடிரி" என்று மைக்கில் டெக்னீஷியன் கன்னடத்தில் சொல்ல, நிர்மலா மூச்சைப் பிடித்தாள்.

டாக்டர் புதுப் படத்தைக் காட்டினார். இதயம் கீழே இறங்கி விலகியிருந்தது. மஞ்சளுக்கும் அதற்கும் நடுவில் கறுப்பாக ஓர் இடைவெளி. அதே உடம்பு, அதே இதயம் — ஒரு மூச்சில் இவ்வளவா? அவள் அழுதாள்.

"ஒண்ணுமே படாதுன்னு சொல்ல மாட்டேன். ரொம்ப கம்மியாகும். அப்பப்போ ஹார்ட் செக் பண்ணிக்கணும்" என்றார் டாக்டர்.

நேற்றோடு சிகிச்சை முடிந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு வந்து ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறேன், ஆளைக் காணோம். உள்ளே போய்ப் பார்த்தால், மறுநாள் சிகிச்சை தொடங்கவிருக்கும் அத்திபெலேயிலிருந்து வந்த அம்மா ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

"கன்னத்தை உப்ப வைக்காதீங்கம்மா... நெஞ்சுதான் உப்பணும்!"