ஏப்ரல் பதினான்குக்குள் ஒரு மிங்க்

ஏப்ரல் 12, காலை 7.15. லோறென்ஸ்கூக்கிலிருந்து புறப்பட்டபோது வெளியே மூன்று டிகிரி. வண்டியை வசந்தி ஓட்டினார். வயது ஐம்பத்து நான்கு. முதியோர் இல்லம் ஒன்றில் உதவித் தாதி. இருபது வயதில் நோர்வேயின் வடகோடியான ஹம்மர்பெஸ்டுக்கு வந்து ஆறு வருடம் மீன் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். செய்தி எழுத வந்திருந்த நான் அவருக்குப் பக்கத்தில். பின்னிருக்கையில் அவருடைய கணவர் கணேசன், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். அவர் மடியில் முந்தின நாள் ஸ்ட்ரோம்மன் கடையில் நாற்பத்தெட்டு குரோனருக்கு வாங்கிய மக்ரெல் மீன், செய்தித்தாளில் சுற்றியபடி.

"இருபத்தெட்டு வருசம் ஒஸ்லோவில பஸ் ஓடினனான், தம்பி. ஒரு மனுசி மட்டும் என்ரை ஓட்டத்தை நம்பேல்லை."

"நீங்கள் ஒவ்வொரு தரிப்பிடத்திலயும் நிப்பாட்டுவியள். இண்டைக்கு நேரமில்லை" என்றார் வசந்தி.

நேரமில்லை என்பது உண்மைதான். நாங்கள் போய்க்கொண்டிருந்த தீவு, ஒஸ்லோ நகரிலிருந்து தெற்கே கடல் நிலத்துக்குள் புகுந்த நீண்ட குடாவில், துரோபாக் ஊருக்கு அருகே இருக்கிறது. பெயரை எழுத வேண்டாம் என்று வசந்தி கேட்டுக்கொண்டார். எழுதினால் ஆட்கள் பார்க்கப் போவார்கள். நீளம் முந்நூறு மீட்டருக்குள். ஒரு மரம் கிடையாது. பறவைகளுக்காக ஒதுக்கிய அந்தத் தீவில் ஏப்ரல் 15 முதல் ஜூலை நடுப்பகுதி வரை எவரும் கால் வைக்கக்கூடாது. பொறி வைப்பதற்கு விலக்குக் கேட்கலாமே என்றேன். கேட்டதில்லை, கேட்கப்போவதுமில்லை என்றார்.

போன வருடம் ஜூனில் படகிலிருந்தபடி தொலைநோக்கியில் பார்த்தபோது அந்தத் தீவைச் சுற்றி ஒரு வாத்துக்குஞ்சுகூட இல்லை. உடைந்த முட்டைகளும் இறகுகளும் இருந்ததை ஜூலையில் இறங்கியபோது கண்டார். வேலை ஒரு மிங்கினுடையது. நான்கு வருடமாக வேறு கரைகளில் பொறி வைத்துவந்தவர், வேட்டைச் சங்கத்தில் கேட்டு அந்தத் தீவின் பொறுப்பையும் வாங்கினார். இந்த வருடமும் கூடுகள் அழிந்தால் ஈடர் எனும் அந்தக் கடல்வாத்துகள் அங்கே வருவதையே விட்டுவிடும் என்பது அவர் கணிப்பு. ஒன்பது நாளாக ஐந்து பொறிகள் கரையில் இருந்தன. ஒன்றிலும் எதுவும் விழவில்லை.

காலை 8.40. சிறு துறையில் படகு ஏறினோம். போகும் வழியில் மிங்க் பற்றிக் கேட்டேன். கீரியின் உடல்வாகும் நீர்நாயின் பழக்கமும் கொண்ட விலங்கு, கருங்கபில நிறம், ஒரு கிலோவுக்கு மேல் போவது அரிது. தோலுக்காக அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து பண்ணைகளில் வளர்த்தார்கள். தப்பியவை கரையெங்கும் பெருகின. பண்ணைகள் இப்போது சட்டப்படி மூடப்பட்டுவிட்டன. தப்பியவற்றின் வாரிசுகள் இருக்கின்றன.

"நாங்களும் வெளியிலையிருந்து வந்த ஆக்கள்தானே" என்றார் கணேசன்.

"நாங்கள் தாராக்குஞ்சு தின்னேல்லை."

"கோழி எவ்வளவு திண்டிருப்பம்?"

வசந்தி எஞ்சின் வேகத்தைக் குறைத்தார். படகைப் பாறை இடுக்கில் நேர்த்தியாகச் செருகினார்.

பொறி என்றதும் நான் நினைத்தது இரும்புப் பற்கள். இங்கே பார்த்தது அறுபது சென்டிமீட்டர் நீளமுள்ள பலகைப் பெட்டி. ஒரு முனையில் கைமுட்டி அளவு வட்டத் துளை. உள்ளே வில்விசை; அதற்கும் பின்னால் மீன் துண்டு. மீனை எடுக்க வேண்டுமானால் விசையைக் கடந்தாக வேண்டும். கடக்கும் கணத்திலேயே உயிர் போய்விடும். துளை சிறியது என்பதால் வாத்து உள்ளே போகாது. பெட்டியில் வசந்தியின் பெயரும் தொலைபேசி எண்ணும் எரித்து எழுதப்பட்டிருந்தன; பெயரில்லாத பொறி இந்த நாட்டில் குற்றம்.

நுட்பம் பெட்டியில் குறைவு, வைக்கும் இடத்தில் அதிகம். மிங்க் தண்ணீரோரமாகவே ஓடும்; கடலில் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளில் கரையேறும்; எந்தப் பொந்தைக் கண்டாலும் தலையை விட்டுப் பார்க்காமல் போகாது. ஆகவே முனைப்பாறைகளில், அலை தொடாத உயரத்தில் பெட்டியை வைத்து, தட்டைக் கற்களால் மூடி, துளையை மட்டும் ஓர் இயற்கைப் பொந்துபோல விட்டிருந்தார். பத்தடி தள்ளி நின்ற எனக்கு அது தெரியவில்லை. வாசலில் ஈரக் களிமண்ணைக் கரண்டியால் தடவி மெழுகியிருந்தார், யார் வந்து போனார்கள் என்று படிப்பதற்காக.

மூன்றாவது பெட்டியின் களிமண்ணில் எழுத்து இருந்தது. ஐந்து விரல் கொண்ட பாதத் தடங்கள், ஒவ்வொன்றும் ஒரு ரூபாய் நாணய அளவு. வாசல்வரை வந்திருந்தன. அங்கே முன்னங்கால்கள் ஆழமாகப் பதிந்திருந்தன; நின்று யோசித்திருக்கிறது. பிறகு திரும்பிப் போயிருந்தது. நான்காவது பெட்டியிலும் அதே கதை.

வசந்தி முழங்காலிட்டு, துளையில் மூக்கை வைத்தார். எழுந்து கணவரைப் பார்த்தார்.

"இஞ்சேருங்கோ. இந்தப் பெட்டியளை ஏதும் செய்தனீங்களே?"

கணேசன் கடலைப் பார்த்தார். "மாசியில கராஜ் துப்புரவாக்கினனான்."

"பெட்டியளை?"

"நாறிச்சுது. சுடுதண்ணியும் சவர்க்காரமும் போட்டு உரஞ்சிக் கழுவினனான். உமக்கு உதவியா இருக்குமெண்டு."

"அஞ்சையும்?"

"ஓம். வெயிலிலயும் காயவைச்சனான்."

எனக்கு வசந்தியே விளக்கினார். மிங்க் மனித வாடைக்குப் பெரிதாக அஞ்சுவதில்லை. அதை உள்ளே இழுப்பது இன்னொரு மிங்கின் வாடை. இரண்டு மூன்று வருடம் பிடித்த பெட்டி என்றால் அந்த வாடை பலகைக்குள் ஊறியிருக்கும். மீனைவிட அதுதான் பெரிய இரை. கழுவிய பெட்டி வெறும் பெட்டி, அதுவும் எலுமிச்சை மணக்கும் பெட்டி.

"நாலு வருச நாத்தம். ஒரு பின்னேரத்தில கழுவி ஊத்திப்போட்டார்."

"கப்பல் மாதிரி மினுங்கிச்சுது" என்று கணேசன் என்னிடம் சொன்னார், சாட்சிக்கு அழைப்பவர் போல.

ஏப்ரல் 13, மாலை 5.30. அன்று காலை ஏழு மணிக்கே கணேசன் தனியாகக் கிளம்பிப் போயிருந்தார். வசந்தியோடு வேட்டைச் சான்றிதழ் பரீட்சை எழுதிய நோர்வேக்காரர் ஒருவர் குடாவின் மறுகரையில் பொறி வைப்பவர். ஏழு வருடமாகக் கழுவாத பெட்டி ஒன்று அவரிடம் இருந்தது. போக வர நூற்றுப்பத்து கிலோமீட்டர். நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, தொப்பியும் கழுத்துத்துணியுமாகத் திரும்பி வந்தார். பெட்டி இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்குள் இருந்தும், அழுகிய மீனும் எரிந்த ரப்பரும் கலந்த நெடி வண்டியை விட்டு இறங்கவில்லை.

"எப்படிண்ணே தாங்குனீங்க?" என்றேன்.

"நீங்கள் படத்தில கதைக்கிற மாதிரியே கதைக்கிறியள்" என்றார். "தாங்கேல்லை, தம்பி. வாயால மூச்சு விட்டனான்."

தடம் இருந்த மூன்றாவது முனையில் அந்தப் பெட்டியை வசந்தி வைத்தார். கற்களை அடுக்க இருபத்தைந்து நிமிடம். ஒரு கல்லை மூன்று முறை மாற்றினார். நான் செய்தி சேகரிக்கப் போன இடங்களில் அறுவைசிகிச்சை அரங்குகளும் உண்டு. இந்தக் கவனத்தை அங்கே பார்த்திருக்கிறேன்.

திரும்பும்போது கணேசன் மெதுவாகச் சொன்னார்: "நாளைக்கு வருசப் பிறப்பு."

"தெரியும்."

"நல்ல நாளில உயிர் எடுக்கிறதோ?"

"பொறி வைச்சது இண்டைக்கு."

ஏப்ரல் 14, காலை 6.50. இருவரும் அதிகாலையில் தலைக்கு, வருடப் பிறப்புக்கென்று மூலிகைகள் காய்ச்சிய மருத்துநீர் வைத்துக் குளித்துவிட்டு வந்திருந்தார்கள். கணேசனின் நெற்றியில் திருநீறு. பெட்ரோல் நிலையத்தில் மூன்று காப்பி வாங்கினோம், ஒன்று முப்பத்தைந்து குரோனர். பிடிபடாவிட்டாலும் அன்று எல்லாப் பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும்.

முதல் பெட்டி, காலி. இரண்டாவது, காலி. மூன்றாவது முனையில் களிமண் தடம் உள்ளே போயிருந்தது; வெளியே வரவில்லை. வசந்தி கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து மூடியைத் திறந்தார். விசை கழுத்துக்குப் பின்னே சரியான இடத்தில் விழுந்திருந்தது. உடலில் போராடிய அடையாளம் எதுவும் இல்லை. அவர் அதைக் கையில் எடுத்து வயிற்றை விரலால் தடவினார்.

"பெட்டை. வயித்தில குட்டி இருக்கு."

கணேசன் தொப்பியைக் கழற்றினார். வசந்தி அதைப் பையில் இட்டு, குறிப்பேட்டில் நேரத்தையும் இடத்தையும் எழுதினார். பிறகு, "இதைக் கொண்டுவந்தவை ஒருத்தரும் இப்ப இஞ்சை இல்லை. நான்தான் நிக்கிறன்" என்றார். குரலில் பெருமையும் இல்லை, மன்னிப்புக் கேட்பதும் இல்லை.

அடுத்த ஒரு மணி நேரம் ஆறு பெட்டிகளையும் அகற்றினோம். கற்களை எடுத்த இடத்திலேயே வைக்கச் செய்தார். களிமண்ணைக் கடல்நீர் ஊற்றிக் கழுவினார். நான் கீழே போட்டிருந்த காப்பிக் கோப்பை மூடியைக்கூடத் தேடி எடுத்துவந்தார்.

காலை 8.20. படகில் ஏறியதும் கேட்டேன்: "இன்னொண்ணு இருந்தா?"

"இருக்கலாம்."

"எப்பத் தெரியும்?"

"ஜூனில தூரத்தில நிண்டு பாத்தாத் தெரியும். அதுவரைக்கும் ஒண்டும் செய்யேலாது."

எங்கள் ஊரில் ஒன்றைக் காப்பது என்றால் அடிக்கடி போய்ப் பார்ப்பது, பலகை நடுவது, வருகிறவர்களைக் கூட்டிப்போய்க் காட்டுவது. சதுப்புநிலத்துக்கு அப்படிப் போன பேருந்து நிறைந்த கூட்டத்தில் நானும் இருந்திருக்கிறேன். நோர்வேயில் நான் மெச்சிய திறமைகளில் பெட்டி செய்வதும் தடம் படிப்பதும் உண்டு. அவற்றைவிட அரிதாகத் தோன்றியது, செய்யக்கூடியதையெல்லாம் ஒரு தேதிக்குள் செய்துவிட்டு, முடிவு தெரியாமலே விலகிக்கொள்ளும் இந்தப் பழக்கம்.

இருநூறு மீட்டர் போனதும் வசந்தி எஞ்சினை நிறுத்தினார். நாங்கள் இருந்தவரை அப்பால் மிதந்துகொண்டிருந்த ஈடர் வாத்துகள், இரண்டிரண்டாகத் தீவை நோக்கி நீந்தத் தொடங்கியிருந்தன. கறுப்பு வெள்ளை ஆண்கள் நீரிலேயே நிற்க, கபில நிறப் பெட்டை ஒன்று பாறையில் தத்தி ஏறி, கழுத்தை நீட்டிச் சுற்றிலும் பார்த்தது. எனக்குக் காட்டுவதற்காகக் கணேசன் கையைத் தூக்கினார். வசந்தி அந்தக் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினார், பிறகும் விடவில்லை.

"அசையாதேங்கோ" என்றார். "அது இன்னும் யோசிக்குது."