கார் வராத ஷெட்

மேலப்பாளையத்தில் எங்கள் வீட்டைக் கட்டும்போது நான் ஊரில் இல்லை. சவூதியில் ஒரு குடும்பத்துக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். அடுக்களை எந்தப் பக்கம், மாடிப்படி எந்தப் பக்கம் என்பதையெல்லாம் என் மனைவியே நின்று முடிவு செய்தாள். நான் போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்கு முன்பக்கம் ஒரு கார் ஷெட் வேண்டும். அடுத்தவன் காரையே காலமெல்லாம் கழுவித் துடைத்தவனுக்குச் சொந்தக் காரை நிறுத்த ஓர் இடம் வேண்டும் என்று ஆசை வந்ததில் தப்பில்லை.

ஷெட் வந்தது. கார்தான் வரவில்லை. இருபத்திரண்டு வருஷம் அங்கே ஓட்டிவிட்டு மொத்தமாக ஊர் திரும்பியபோது ஸ்டியரிங்கை நினைத்தாலே எனக்கு வலது தோள் வலித்தது. ஜங்ஷனுக்குப் போவதென்றால் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஓட்டுநர் பிரேக் போடும் லட்சணத்தை மனசுக்குள் திட்டிக்கொண்டே போவதுதான் சுகமாக இருந்தது.

இரண்டு மகள்களையும் கட்டிக்கொடுத்தாயிற்று. அத்தனை பெரிய வீட்டில் நாங்கள் இரண்டே பேர். என்றாலும் நான் எங்கே போய் நின்றாலும், அது என் மனைவி அடுத்து வந்து நிற்க வேண்டிய இடமாக இருந்தது. ஒருநாள் அவளுக்கு உதவியாக இருக்கட்டும் என்று அடுக்களை டப்பாக்களை உயர வரிசைப்படி அடுக்கிவைத்தேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்த டீயில் உப்பு இருந்தது. இடம் மாறியதால் தெரியாமல் போட்டாளா, தெரிந்தேதான் போட்டாளா என்று நான் இதுவரை கேட்கவில்லை.

பெரிய சிக்கல் சாயங்காலத்தில் இருந்தது. அஸர் தொழுததிலிருந்து மஃரிப் பாங்கு வரை என் மனைவி தெருப் பெண்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பாள். நான் இல்லாத காலத்தில் ஆரம்பித்த வழக்கம். ஹாலில் பாய் விரித்துப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும். அதுவரை நான் வெளியே எங்காவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கையறைக்குள் கிடக்க வேண்டும். ஒருநாள் உள்ளே அயர்ந்து தூங்கிவிட்டேன். விழித்தால் நாக்கு வறண்டு கிடக்கிறது, ஹாலில் ஓதும் சத்தம் கேட்கிறது, என் சட்டை கொல்லைப்புறக் கொடியில் காய்கிறது. பனியனோடு போய் நிற்க முடியுமா? நான் சவூதியிலிருந்து கொண்டுவந்த கம்பளி ஒன்று கட்டிலில் கிடந்தது. புலிப் படம் போட்டது. அதைத் தலையோடு போர்த்திக்கொண்டு, சுவரை ஒட்டிப் பையப் பைய அடுக்களைப் பக்கம் நகர்ந்தேன். ஓதும் சத்தம் நின்றது. முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பிள்ளை வீறிட்டு அழுதது. மறுநாள் நான்கு பிள்ளைகள் வரவில்லை.

அன்று ராத்திரிச் சோறு போடும்போது என் மனைவி சொன்னாள். "கார் ஷெட் சும்மாதானே கெடக்கு. அதை ஒரு ரூமா ஆக்கிருவோம். உங்களுக்குன்னு தனியா இருக்கட்டும்."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"என்ன, ஒண்ணும் பேச மாட்டேங்குதீய?"

"அங்கன இருபத்திரண்டு வருஷம் கார் ஷெட்டுலதான் கெடந்தேன். இங்கனயும் அதுலயே கெடக்கச் சொல்லுத."

அகப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். முதலாளி வீட்டில் கார்கள் நிற்கும் இடத்தை ஒட்டி, டிரைவருக்கென்று ஓர் அறை உண்டு. மூன்று எட்டில் அந்தச் சுவரிலிருந்து இந்தச் சுவருக்குப் போய்விடலாம். பெட்ரோல் வாசம் தலையணை வரை வரும். இதை நான் அவளிடம் சொன்னதே இல்லை.

"ரூம் வசதியா இருக்குன்னுல்லா சொன்னீய?"

"ஏசி இருந்துச்சு."

"ஜன்னல்?"

"இல்ல."

அகப்பையை மறுபடி கையில் எடுத்தாள். "அப்போ இங்கன ரெண்டு வப்போம்" என்றாள்.

ஷெட்டைக் காலி செய்யவே இரண்டு நாள் ஆனது. ஓடாத ஏர்கூலர், மூத்தவள் கல்யாணத்துக்கு வாங்கிய பிரியாணிச் சட்டி, ஒவ்வொரு லீவுக்கும் நான் கொண்டுவந்த கம்பளிகள் ஏழு. திருநெல்வேலி வெயிலுக்கு ஏழு கம்பளி எதற்கு என்று அவற்றை மடித்து எடுத்தபோதுதான் எனக்கே தோன்றியது.

கொத்தனார் சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்தார். என் வயதுதான் இருக்கும். அவருக்குச் சித்தாளாகக் கலவை சுமக்க வந்தது அவருடைய மனைவியே. அவர் பேசுவதற்கெல்லாம் அந்த அம்மா "ம்" என்று மட்டும் சொல்வார். அந்த "ம்"மில் பல வகை இருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

நான்கே நாளில் தரைக்கு டைல்ஸ் ஒட்டினார்கள். சுவருக்குப் பூச்சு முடிந்தது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஜன்னல் வைத்து, சிமெண்ட் இறுகும்வரை திறக்கக் கூடாது என்றார்கள். தெருப்பக்கம் இருந்த இரும்பு ஷட்டரை எடுத்துவிட்டுச் சுவர் எழுப்பிக் கதவு வைப்பது மட்டும் பாக்கி. அப்போது கொத்தனார் தலையைச் சொறிந்தார்.

"பாய், நாளையில இருந்து நடவு. வயல்ல தண்ணி வந்துட்டு. ஒரு வாரம் பொறுத்துக்கிடுங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. கட்டிலையும் மின்விசிறியையும் போட்டு, அன்றைக்கே குடிபுகுந்துவிட்டேன்.

மறுநாள் காலை, காற்றுக்காக ஷட்டரை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிவிட்டுப் படுத்திருந்தேன். ஒரு பெண் குனிந்து உள்ளே பார்த்தாள். "அண்ணாச்சி, பால் பாக்கெட் இருக்கா?"

ஷட்டரைத் தூக்கினால் அது கடை என்பது எனக்கு அதுவரை உறைக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் என்னை டிரைவர் என்று கூப்பிட்டார்கள். ஊருக்கு வந்ததும் பாய் ஆனேன். இப்போது கட்டிலில் படுத்த வாக்கில் அண்ணாச்சி. இடுப்பில் ஒரு கைப்பிள்ளையோடு நிற்பவளிடம் இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துவந்து கொடுத்தேன். அதுதான் நான் செய்த தவறு. அடுத்த நாள் மூன்று பேர் வந்தார்கள். ஒருவருக்குப் பால், ஒருவருக்கு ரீசார்ஜ், ஒரு பெரியவருக்கு ரேஷன் கார்டு ஜெராக்ஸ்.

"இங்கன எங்க அண்ணாச்சி மிஷின்?" என்று அவர் கட்டிலுக்கு அடியில் எல்லாம் பார்த்தார்.

"மிஷின் இல்ல. இது நான் படுக்குற ரூம்."

"படுக்குற ரூமுக்கு எதுக்கு வே ஷட்டரு?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஷட்டரை இழுத்து மூடினேன். உள்ளே வெந்தது. மறுபடி தூக்கினேன். சீரகம் கேட்டு ஒருவர் வந்தார். அடுக்களையிலிருந்து என் மனைவி, "காலைல வாங்கின பால் பாக்கெட்டு எங்க போச்சு?" என்று கேட்டபோது நான் தூங்குவதுபோலக் கிடந்தேன்.

அந்த வாரத்தில்தான் தரையின் குணமும் தெரிந்தது. எழுதப் படிக்க உதவும் என்று சக்கரம் வைத்த நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டிருந்தேன். பின்சுவரை ஒட்டி உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தால், முதல் பக்கம் முடிவதற்குள் ஷட்டர் அருகே இருப்பேன். முதலில் எனக்குத்தான் தலை சுற்றுகிறது என்று நினைத்து ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டு வந்தேன். அது சரியாக இருந்தது. தண்ணீர் பாட்டிலைப் படுக்கவைத்துப் பார்த்தேன். நிதானமாக உருண்டு தெருவுக்குப் போய்விட்டது.

நடவு முடிந்து கொத்தனார் வந்ததும் பாட்டிலை உருட்டிக் காட்டினேன். "என்ன வே இது, தரை ஓடுது?"

"கார் ஷெட்டுன்னா வாசலைப் பாத்துச் சரிவு இருக்கணும் பாய். இல்லன்னா தண்ணி தேங்கிரும்லா."

"படுக்குற ரூம்ல என்ன தண்ணி தேங்கப் போகுது?"

அவர் சரிவு பார்க்கும் ரசமட்டத்தைத் தரையில் வைத்து, ஏதோ அதன்மேல்தான் தப்பு என்பதுபோல நெடுநேரம் பார்த்தார். கலவைச் சட்டியோடு நின்ற அவர் மனைவி முதன்முதலாக வாயைத் திறந்தார்.

"மொத டைல்ஸ் ஒட்டயிலேயே சொன்னேன். சரிவை எடுக்கலையான்னு. எல்லாம் எனக்குத் தெரியும்னு சொன்னாவ."

"நீ 'ம்'முன்னுதானே சொன்ன?" என்றார் கொத்தனார்.

"அந்த 'ம்'முக்கு அதான் அர்த்தம்."

வாசலில் நின்ற என் மனைவி அந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். அன்று மதியம் இரண்டு பேரும் அடுக்களையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கொத்தனாரும் நானும் ஷெட்டில், சாய்ந்த தரையில் சாப்பாட்டுத் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டே சாப்பிட்டோம்.

டைல்ஸைப் பெயர்த்துத் தரையை மேடாக்கி மட்டம் பார்த்தார்கள். இந்தத் தடவை மட்டக்கட்டையைப் பிடித்தது அந்த அம்மா. ஷட்டர் போய்ச் சுவர் வந்தது, தெருவைப் பார்த்து ஒரு கதவு வந்தது. மேலிருந்து வெயில் இறங்காமல் இருக்க உள்பக்கம் அட்டைக் கூரை அடித்தார்கள். இரண்டு ஜன்னலையும் திறந்துவிட்டால் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போனது. வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான். பத்து நாள் நான் ராஜா மாதிரி இருந்தேன்.

பதினோராம் நாள் மதியம் என் மனைவி வந்து, "அடுக்களை வெக்கை தாங்கல, கொஞ்ச நேரம் தலையைச் சாய்க்கேன்" என்று கட்டிலில் படுத்தாள். அஸர் பாங்கு சொன்னபோது எழுந்து உட்கார்ந்து, நான்கு சுவரையும் ஒருமுறை பார்த்தாள்.

"பிள்ளைகளை இங்கன வச்சு ஓதிக்கொடுத்தா என்ன? தெருக் கதவு வழியா வந்துட்டுப் போயிரும். உங்களுக்கும் வீட்டுக்குள்ள தொந்தரவு இல்ல."

கட்டிலை நானும் அவளும் சேர்ந்துதான் வெளியே தூக்கினோம். பாய் விரிக்க இடம் வேண்டுமே. இப்போது சாயங்காலமானால் நான் ஹாலில் லுங்கி பனியனோடு கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறேன். மதியத் தூக்கத்துக்கும் அவள் அந்த ரூமுக்குத்தான் போகிறாள். அடுக்களை டப்பாக்களைத் தவிர மற்றதெல்லாம் என் பொறுப்பில் இருக்கிறது.

போன வாரம் ஒரு மதியம் சென்னையிலிருந்து இளையவள் போன் செய்தாள். "வாப்பா, ரூம் எப்படி இருக்கு? நல்லா தூக்கம் வருதா?"

"ரூம் ரொம்ப நல்லாருக்கும்மா" என்றேன். "உங்க உம்மா முழிச்சதும் கேட்டுச் சொல்லுதேன்."